ஒட்டத் தெரிந்தால் போதாது, எடுக்கவும் தெரிய வேண்டும்

வாசகர் கேள்வி – பதில்

முடி கொட்டிய தலையில் பேட்ச் (வழுக்கையை மறைக்க டேப்பாலோ பசையாலோ ஒட்டிக்கொள்ளும் முடித் துண்டு) அணிபவர்கள் தங்கள் சந்தேகங்களை எழுதலாம் என்று சென்ற இதழில் ஆசிரியர் அறிவித்திருந்தார். வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றில் “பெயரைப் போட வேண்டாம்” என்ற வரி இருந்தது. ஆகவே எல்லோருக்கும் ஊர்ப்பெயர் மட்டும் போட்டிருக்கிறேன்.

பதில் சொல்லும் நான் வேலூர் தொரப்பாடியில் விக், பேட்ச் செய்து பொருத்தித் தருகிறவன். என் அப்பா ஆற்காடு, ஆரணிப் பக்கத்துக் கூத்து ஜமாக்களுக்கு டோப்பாவும், பெண்வேடம் கட்டுபவர்களுக்குச் சவுரியும் செய்து கொடுத்தவர். கொக்கி ஊசியால் வலையில் ஒவ்வொரு முடியாக முடிச்சுப் போடுவதை அவர் கையைப் பார்த்துத்தான் கற்றேன். முப்பது வயதுக்குள் உச்சந்தலை வழுக்கையாகிவிட்டதால் நானும் பேட்ச் அணிகிறேன். கடையில் ஒட்டிக்கொண்டு போகிறவர்களில் பலருக்கு அதைத் தாங்களே கழற்றத் தெரிவதில்லை. ஒட்டி அனுப்புகிறவர்கள் சொல்லிக்கொடுப்பதும் இல்லை. இந்த முறை வந்த கேள்விகளில் பலவும் அங்கே வந்துதான் முட்டி நிற்கின்றன.

கேள்வி: ஆம்பூரில் ஷூ தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். வயது 29. பேர்ணாம்பட்டிலிருந்து தினமும் பைக்கில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வருகிறேன். கத்திரி வெயில் தொடங்கியதிலிருந்து மதியத்துக்குள் நெற்றியோரம் பேட்ச் தூக்கிக்கொள்கிறது. உடன் வேலை செய்பவர் ஒருவர், ஷூ ஒட்டும் சொல்யூஷனைக் கொஞ்சம் தடவினால் அசையவே அசையாது என்கிறார். தடவலாமா?
— பேர்ணாம்பட்டு வாசகர்

பதில்: வேண்டவே வேண்டாம், தம்பி. அந்தச் சொல்யூஷனில் டொலுவீன் போன்ற கரைப்பான்கள் இருக்கும். பதனிட்ட தோலை ஒட்டுவதற்காகச் செய்தது அது. உயிருள்ள தோலில் பட்டால் வெந்து கொப்பளிக்கும். பிறகு அதை எடுக்கத் தின்னர் தேடுவீர்கள். தின்னர் பட்டால் புண் ஆழமாகும், பேட்சும் பாழாகும். அசையவே அசையாத பசை எதுவாக இருந்தாலும் அதைத் தலைக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள். எடுக்க முடியாததை ஒட்டக் கூடாது.

உங்கள் பேட்ச் தூக்கிக்கொள்வதற்குப் பசை வலுவில்லாதது காரணமில்லை. மே மாதத்தில் நம் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. அந்த வெயிலில் ஹெல்மெட்டுக்குள் சுரக்கும் வியர்வை, டேப்புக்கு அடியில் உள்ள தோலிலிருந்தே வருகிறது. வெளியேற வழி இல்லாவிட்டால் டேப்பைத் தள்ளிக்கொண்டு வரும். நெற்றியோரம் முழுவதும் ஒரே நீளத் துண்டாக டேப் ஒட்டியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, நடுவில் நூலிடை இடைவெளி விட்டு ஒட்டுங்கள். வியர்வை அந்த இடைவெளிகளில் இறங்கிவிடும். உங்கள் பேட்சின் அடிப்பகுதி முழுவதும் வழவழப்பான பாலியாக, அதாவது மெல்லிய பிளாஸ்டிக் படலமாக இருந்தால், அடுத்த முறை முன்பக்கமும் நடுவிலும் லேஸ் எனும் மெல்லிய வலை உள்ளதாகக் கேளுங்கள். லேஸ் வழியாகக் காற்று போகும். ஆனால் பாலியைவிடச் சீக்கிரம் கிழியும் என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

ஹெல்மெட்டை நெற்றியில் வைத்துப் பின்னால் இழுத்து மாட்டுகிறோம். அப்படி இழுக்கும்போது முன்விளிம்பு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் பின்னுக்குச் சுருள்கிறது. வார்களை இரு பக்கமும் நன்றாக விரித்துப் பிடித்து, மேலிருந்து நேராக இறக்குங்கள். கழற்றும்போதும் நேராக மேலே தூக்குங்கள். உள்ளே மெல்லிய பருத்திக் குல்லா ஒன்று போட்டுக்கொண்டால் வியர்வையை அது வாங்கிக்கொள்ளும். இரண்டு குல்லா வைத்துக்கொண்டு தினமும் துவைத்து மாற்றுங்கள்.

தொழிற்சாலை லாக்கரில் ஒரு சிறு டப்பா இருக்கட்டும். வெட்டி வைத்த டேப் துண்டுகள், ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு, கைக்கண்ணாடி, இவ்வளவு போதும். விளிம்பு தூக்கினால் ஈரத்தின் மேலேயே அழுத்தி ஒட்டாதீர்கள். முதலில் விசிறி முன் ஐந்து நிமிடம் நில்லுங்கள். பழைய டேப்பை எடுத்து, தோலை ஸ்பிரிட்டால் துடைத்து, அது காய்ந்த பிறகு புதுத் துண்டை ஒட்டுங்கள். குளிர்காலத்தில் வாரம் தாங்குகிற டேப், கத்திரியில் மூன்று நான்கு நாள் தாங்கினாலே நல்ல டேப். அதற்குமேல் இழுத்துப் பிடிக்காமல் முழுவதுமாகக் கழற்றிவிட்டு, ஓர் இரவாவது தலைக்குக் காற்று விடுங்கள். வேர்க்குரு வந்த தலையில் எந்த டேப்பும் நிற்காது.

கேள்வி: வாங்கிய இரண்டே மாதத்தில் பேட்சின் முடி நார் போல ஆகிவிட்டது. நிறமும் செம்பட்டையாகிவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா? சீயக்காய்தான் போடுகிறேன்.
— வாணியம்பாடி வாசகர்

பதில்: ஏமாற்றினார்கள் என்று அவசரப்பட்டுச் சொல்ல முடியாது. நம் தலையில் வளரும் முடிக்குத் தோலிலிருந்து எண்ணெய்ப்பசை வந்துகொண்டே இருக்கும். பேட்சில் உள்ள முடிக்கு அந்த வரவு கிடையாது. அதோடு, பேட்சுக்கான முடியை அமிலத்தில் போட்டு மேல்செதில்களை எடுத்து, சாயம் ஏற்றித்தான் பலர் முடிச்சுப் போடுகிறார்கள். வெயில் பட்டால் அந்தச் சாயம் மங்கி உள்ளே இருக்கும் செம்மை தெரியும்.

உங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று வாணியம்பாடிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த உப்பு முடியில் படிந்தால் சீப்பு இறங்காது. காவிரிக் கூட்டுக் குடிநீர் குழாயில் வரும் நாளில் ஒரு குடம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஷாம்புவை உப்புத் தண்ணீரில் அலசினாலும், கடைசி அலசல் அந்தக் குடத்துத் தண்ணீரில் இருக்கட்டும். சல்பேட் இல்லாத ஷாம்பு வாரம் ஒருமுறை போதும், கண்டிஷனர் ஒவ்வொரு முறையும் வேண்டும். சீயக்காய்த் தூளை விட்டுவிடுங்கள். நம் முடிக்கு நல்லதுதான், ஆனால் அதன் துகள் வலைக்கண்ணுக்குள் போய் முடிச்சுகளில் உட்கார்ந்துகொள்கிறது. தேய்த்துத் தேய்த்து எடுக்கப் பார்த்தால் முடிச்சு அவிழ்ந்து முடி உதிரும்.

ஈரமாக இருக்கும்போது சிக்கெடுக்காதீர்கள். நுனியிலிருந்து தொடங்கி மேலே மேலே வாருங்கள். எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் மெல்லிய லேஸ் பேட்ச் நம் ஊர் வெயிலுக்கு நான்கு மாதம் உழைத்தால் நன்றாக உழைத்தது என்றுதான் கணக்கு. தடித்த இழை வலையான மோனோ வகை அதைவிட நீண்ட நாள் வரும். வாங்கும் முன்பே இந்தக் கணக்கைப் போடுங்கள். ஒரு பேட்சின் விலையை மட்டும் கேட்காமல், ஓர் ஆண்டுக்கு எத்தனை பேட்ச், எவ்வளவு டேப், எத்தனை சர்வீஸ் என்று எல்லாவற்றையும் கூட்டிச் சொல்லச் சொல்லுங்கள். அந்தத் தொகை மாதச் சம்பளத்துக்குச் சுமை என்றால் வாங்காதீர்கள்.

கேள்வி: காட்பாடியில் தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். வயது 31. வைகாசியில் திருமணம். பெண் பார்க்கப் போனபோது பேட்சோடுதான் போனேன். பெண் வீட்டுக்கு எதுவும் தெரியாது. “கல்யாணம் முடியட்டும், பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம்” என்கிறார் அம்மா. ஒரு மாதம் வரை கழற்றவே தேவையில்லாத பசை இருப்பதாகக் கேள்விப்பட்டேன். எது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.
— காட்பாடி வாசகர்

பதில்: பசையின் பெயரைச் சொல்ல மாட்டேன், தம்பி. கோபித்துக்கொள்ள வேண்டாம். இதே கேள்வியோடு என் கடைக்கு வருகிற எல்லாருக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

முதலில் தோலின் பக்கத்திலிருந்து பாருங்கள். ஒரு மாதம் கழற்றாத பேட்சுக்கு அடியில் வியர்வை, அழுக்கு, பழைய தோல், பசை எல்லாம் சேர்ந்து நாற்றம் எடுக்கும். அதைப் புதுமாப்பிள்ளை மறைக்க முடியாது. பக்கத்தில் படுப்பவருக்கு முதலில் தெரிவது அதுதான். வேர்க்கால்களில் சீழ்க்கொப்புளம் வரும். வந்துவிட்டால் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுவிட்டு மருத்துவரிடம் போக வேண்டியிருக்கும்.

அடுத்து, சடங்குகள். நலங்கில் அருகம்புல்லை எண்ணெயில் தொட்டுத் தலையில் வைப்பார்கள். ஒரு சொட்டு எண்ணெய் விளிம்பில் இறங்கினால் டேப் நெகிழ்ந்துவிடும். நலங்கைக் கடந்துவிட்டாலும் தலைதீபாவளி வரும். விடியற்காலையில் மாமியார் வீட்டில் மணை போட்டு உட்காரவைத்து, பெரியவர்கள் உச்சியில் நல்லெண்ணெய் வைத்துத் தேய்ப்பார்கள். அன்றைக்கு எந்தச் சாக்கைச் சொல்வீர்கள்? ஒவ்வொரு நல்லநாளும் உங்களுக்குப் பயந்து ஒளியும் நாளாகிவிடும். இப்படி வருடக்கணக்கில் ஒளிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். முடி போனதைவிட அந்தப் பயம்தான் அவர்களை உருக்குகிறது.

அந்தப் பெண்ணுக்கு வரும் துன்பத்தையும் யோசியுங்கள். வழுக்கை அவருக்குப் பெரிய விஷயமாகவே இருக்காது என்று வைத்துக்கொள்வோம். தாலி கட்டிய பிறகு தெரிந்தால், “இன்னும் எதையெல்லாம் மறைத்தார்களோ” என்ற கேள்வி மனதில் விழும். அந்தக் கேள்விக்கு உங்களால் ஆயுள் முழுவதும் பதில் சொல்ல முடியாது. உங்கள் அம்மா பயப்படுவது இயல்பு. அவரிடம் இந்த இதழைப் படிக்கக் கொடுங்கள்.

இந்த வாரமே சொல்லிவிடுங்கள். தரகர் மூலமாகவோ சித்தப்பா மூலமாகவோ வேண்டாம், நேரே அவரிடமே சொல்லுங்கள். “எனக்கு உச்சியில் முடி இல்லை, பேட்ச் அணிகிறேன், வாரம் ஒருமுறை கழற்றி மாட்டுவேன், உடம்புக்கு வேறு குறை இல்லை” என்று நேரடியாகச் சொன்னால் போதும். பேட்ச் இல்லாத உங்கள் புகைப்படம் ஒன்றையும் காட்டிவிடுங்கள். அவர் யோசிக்க நேரம் கேட்டால் கொடுங்கள். வேண்டாம் என்று சொன்னாலும் அது அவர் உரிமை. வைகாசிக்குள் சொன்னதற்கு நன்றி என்றுதான் பிறகு நினைப்பார்.

எனக்குப் பெண் பார்த்தபோது தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டு, பின்கட்டில் நின்று நான் இதைச் சொன்னேன். அந்தப் பெண், இன்று என் மனைவி, கேட்ட முதல் கேள்வி, “தூங்கும்போது உறுத்தாதா?” என்பதுதான். இப்போது ஞாயிறுதோறும் காலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நடக்கும் வேலையில் பாதி அவருடையது. நான் மணையில் உட்காருவேன். அவர் பிடரிப் பக்க விளிம்பில் பசையை இளக்கும் ரிமூவரைத் தெளித்து, அது ஊறும்வரை காத்திருந்து, பின்னாலிருந்து முன்னால் மெதுவாகச் சுருட்டிக்கொண்டு வருவார். இழுக்க மாட்டார். வராத இடத்தில் இன்னும் இரண்டு சொட்டு விடுவார். பேட்சை எடுத்து வைத்துவிட்டு வெளிச்சத்தில் தலையைத் திருப்பிப் பார்ப்பார். கண்ணாடியில் எனக்குத் தெரியாத ஒரு சிவந்த புள்ளி பின்பக்கம் இருந்தால் அவருக்குத் தெரிந்துவிடும். “இந்த இடத்துக்கு இந்த வாரம் டேப் வேண்டாம்” என்பார். அவர் சொன்னால் சொன்னதுதான். தலையில் புண் வராமல் இத்தனை ஆண்டுகள் நான் பேட்ச் அணிவதற்கு அவருடைய கண்தான் காரணம். வீட்டில் ஒருவராவது உங்கள் வெறும் தலையைப் பார்க்க வேண்டும். அது மனைவியாக இருந்தால் மிகவும் நல்லது.

கேள்வி: என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். வேலூர் சி.எம்.சி.யில் சிகிச்சை நடக்கிறது. முதல் கீமோ முடிந்திருக்கிறது. முடி கொட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். இடுப்புவரை சடை போட்டவர் அம்மா. சாவைப் பற்றிக்கூடப் பேசுகிறார், சடையைப் பற்றிப் பேச்சு வந்தால் அழுகிறார். அவருடைய முடியிலேயே விக் செய்ய முடியுமா? டேப்பில் ஒட்டுவது நல்லதா?
— ஆரணி வாசகி

பதில்: உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன், மகளே. முடி கொட்டக்கூடிய கீமோ மருந்துகளில், பெரும்பாலும் முதல் டோஸ் முடிந்த இரண்டாவது மூன்றாவது வாரத்தில் கொட்டத் தொடங்கும். ஆகவே இப்போதே செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன.

அம்மா சம்மதித்தால், கொட்டுவதற்கு முன்பே சடையோடு வெட்டி எடுத்துவிடுங்கள். வெட்டும் முன் மேலேயும் கீழேயும் இறுக்கமாக ரப்பர் போட்டுக் கட்டுங்கள். வேர்ப்பக்கம் எது, நுனிப்பக்கம் எது என்று அடையாளம் இருக்க வேண்டும். முடி தலைமாறிப் போனால் பின்னும்போது சிக்கு விழும். வெட்டும் நாளில் அவர் தலை அளவையும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவருடைய ஒரு சடையிலிருந்து முழு விக் செய்வது கடினம். பலருடைய முடி சேர்ந்தால்தான் முழுத் தலைக்கு நிறையும். ஆனால் வேறு ஒன்று செய்யலாம். மெல்லிய பருத்தித் தொப்பியின் முன்விளிம்பில் அம்மாவின் முடியை ஒரு வரிசை வைத்துத் தைத்து, பின்னால் அவருடைய சடையையே தொங்கவிடலாம். மேலே ஸ்கார்ஃப் கட்டி, புடவைத் தலைப்பைப் போர்த்தினால் முன்னும் பின்னும் தெரிவது அவர் முடிதான். சவுரி கட்டத் தெரிந்த யாரிடம் கொடுத்தாலும் செய்துவிடுவார்கள். பக்கத்தில் யாரும் கிடைக்காவிட்டால் என் கடைக்குக் கொண்டு வாருங்கள்.

டேப், பசை இரண்டும் வேண்டாம். கீமோ நேரத்தில் தோல் மென்மையாகிவிடும், சிறு கீறலும் ஆற நாளாகும். தொப்பிபோல் மாட்டிக் கழற்றுகிற விக்தான் அவருக்குச் சரி. அடியில் பருத்தித் துணி இருக்க வேண்டும், தையல்கள் தோலில் உரசக் கூடாது. உங்கள் விரலை உள்ளே விட்டு ஒவ்வொரு தையலாகத் தடவிப் பார்த்து வாங்குங்கள்.

செயற்கை இழை விக் எடை குறைவு. துவைத்தாலும் வடிவம் கலையாது, விலையும் குறைவு. தற்காலிகமாக அணிபவருக்கு அதுவே போதும். ஆனால் அடுப்படியில் மிகக் கவனம் தேவை. குக்கர் மூடியைத் திறக்கும்போது வரும் ஆவியும், தோசைக்கல்லின் அனலும் பட்டாலே நெற்றிமுடி சுருண்டு கருகிவிடும். சமைக்கும்போது விக்கைக் கழற்றி வைத்துவிட்டுப் பருத்தி ஸ்கார்ஃப் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

பூ வைக்க அவர் ஆசைப்பட்டால் தாராளமாக வைக்கலாம். கொண்டை ஊசியை வலையில் குத்தாமல், முடி வரிசையாகத் தைத்திருக்கும் பட்டையில் குறுக்காகச் செருகுங்கள். ஒரு முழம் மல்லிகையை அது தாங்கும்.

கீமோ முடிந்த சில வாரங்களில் மெல்லிய பூனைமுடி போல முளைக்கத் தொடங்கும். முதலில் வரும் முடி சுருட்டையாகவோ வேறு நிறமாகவோ இருந்தால் பயப்பட வேண்டாம், பலருக்கு அப்படித்தான் வரும். சி.எம்.சி. இருக்கும் ஐடா ஸ்கடர் சாலையில் விடுதிகள் இருக்கும் பக்கம் போனால், வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து தங்கிச் சிகிச்சை பெறும் பெண்கள் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு காய்கறி வாங்கிக்கொண்டிருப்பார்கள். அம்மாவை ஒருநாள் மாலையில் அந்தப் பக்கம் நடக்க அழைத்துப் போங்கள்.

கேள்வி: பள்ளி ஆசிரியர். வயது 52. கருகருவென்று அடர்த்தியாக ஒன்று வேண்டும் என்று கேட்டேன். செய்பவர் நரை கலந்தே தீருவேன் என்கிறார். ஏன்?
— வாலாஜா வாசகர்

பதில்: செய்பவர் தொழில் தெரிந்தவர், ஐயா. கிருதாவும் பிடரியும் நரைத்திருக்க, உச்சி மட்டும் கருப்பாக இருந்தால் மாணவர்களின் பார்வை பாடத்தில் இருக்காது. பக்கத்து முடியில் நரை எவ்வளவு இருக்கிறதோ அதற்கு இசைவாகக் கலக்கட்டும். முன்நெற்றிக் கோட்டையும் இருபது வயதுக்காரர் போலக் கீழே இறக்கச் சொல்லாதீர்கள். இன்னொரு விவரம்: நரைக்காகச் சேர்ப்பது பெரும்பாலும் செயற்கை இழை. ஆகவே அந்தப் பேட்சுக்குச் சூடான டிரையர் காட்டக் கூடாது.

கேள்வி: மகளுக்கு உடம்பு சரியானால் குடும்பத்தோடு திருப்பதியில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டோம். மகள் நலம். அடுத்த மாதம் போகிறோம். நான் பேட்ச் அணிபவன் என்பது மனைவிக்கு மட்டும்தான் தெரியும், கூட வரும் உறவினர்களுக்குத் தெரியாது. பேட்சை எப்போது கழற்றுவது, பிறகு எப்போது ஒட்டுவது? பேட்சில் இருப்பதே சாமிக்குக் கொடுத்த முடியாக இருக்கலாம், அதை அணிவது பாவம் என்கிறார் மனைவி. உண்மையா?
— குடியாத்தம் வாசகர்

பதில்: மகள் நலமடைந்ததில் மிக்க மகிழ்ச்சி.

மனைவியின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். திருமலையில் பக்தர்கள் செலுத்தும் முடியைத் தேவஸ்தானம் நீளவாரியாகத் தரம் பிரித்து ஏலம் விடுகிறது. ஏலம் எடுத்தவர்களிடமிருந்து அது விக் செய்பவர்களுக்குப் போகிறது. சீனாவில் சிங்தாவ் நகரம் விக், பேட்ச் செய்வதற்குப் பேர்பெற்றது. நம் நாட்டு முடி அங்கே போய், முடிச்சுப் போடப்பட்டு, பேட்சாக நம் ஊருக்கே திரும்பி வருவதும் உண்டு. உங்கள் பேட்சில் இருப்பது கோயில் முடிதானா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கோயில் முடியாகவே இருந்தாலும், கொடுத்தவரின் வேண்டுதல் முடி இறக்கும் இடமான கல்யாண கட்டாவில் கத்தி பட்டபோதே நிறைவேறிவிட்டது. ஏலப்பணம் தேவஸ்தானத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதில் பாவம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். கொக்கி ஊசியைத் தொடும் முன் அப்பா அந்த முடியைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார், நானும் அப்படித்தான்.

இனி, கழற்றுவது. பேட்சை வேலூரிலோ குடியாத்தத்திலோ வீட்டிலேயே கழற்றிவிட்டுக் கிளம்புங்கள். சித்தூர் வழியாகப் போகும் பயணம் முழுவதும் தொப்பி போட்டுக்கொள்ளலாம். நாவிதர் முன் போய் உட்கார்ந்த பிறகு விளிம்பைப் பிய்த்து எடுக்க முயன்றால் தோல் உரியும், அங்கே ரிமூவர் ஊற வைக்க நேரமும் இருக்காது. பசையின் மிச்சம் தலையில் துளியும் இருக்கக் கூடாது. இருந்தால் பிளேடு வழுக்கிக் கீறிவிடும்.

முடி இறக்கியதும் சந்தனம் பூசிக்கொள்ளுங்கள். கீறல்கள் முழுவதும் ஆறும்வரை ஸ்பிரிட்டோ டேப்போ தலையில் படக் கூடாது. ஆறிய பிறகும் அவசரப்படாதீர்கள். பக்கத்து முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். மழித்த பக்கங்களின் மேல் நீண்ட முடியுள்ள பேட்சை ஒட்டினால் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். இரண்டு மாதமாவது பொறுத்திருந்து, பேட்சையும் குட்டையாக வெட்டச் சொல்லி இரண்டையும் இசைவாக்கிக்கொண்டு ஒட்டுங்கள். கிளிப் வகை என்றால் இன்னும் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். குட்டை முடியில் கிளிப்பை மாட்டினால் வேரோடு பிடுங்கும், அப்படித் தொடர்ந்து இழுபட்ட இடத்தில் முடி திரும்ப முளைக்காமலே போகலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திருப்பதி மொட்டையோடு வருகிறவரை நம் ஊரில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை, “நல்ல தரிசனமா?” என்றுதான் கேட்பார்கள். இந்த இரண்டு மாதம் உங்களுக்குப் பேட்ச் இல்லாமல் பஸ் ஏறவும், கடைத்தெருவில் நடக்கவும், உறவினர் நடுவே உட்காரவும் கிடைத்த நேரம். அதன் பிறகு பேட்சே வேண்டாம் என்று முடிவு செய்த வாடிக்கையாளர்கள் எனக்கு உண்டு. அவர்களை நான் சந்தோஷமாகவே வழியனுப்பியிருக்கிறேன். திரும்ப வேண்டும் என்று வந்தவர்களும் உண்டு. எதுவானாலும் அந்த முடிவை மொட்டைத் தலையோடு கொஞ்ச நாள் இருந்து பார்த்த பிறகு எடுங்கள்.

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் மகனுக்குத் தலையில் ரூபாய் நாணயம் அளவுக்கு இரண்டு இடங்களில் புழுவெட்டு. சின்ன வெங்காயம் தேய்த்தும் சரியாகவில்லை. பள்ளிக்குப் போக மறுக்கிறான். அந்த இடத்துக்கு மட்டும் சிறு பேட்ச் ஒட்டலாமா?
— அணைக்கட்டு வாசகர்

பதில்: இப்போது ஒட்டக் கூடாது. முதலில் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். புழுவெட்டு என்று நாம் சொல்வதற்குப் புழு எதுவும் காரணமில்லை. உடலின் எதிர்ப்புச் சக்தி தன் முடி வேர்களையே தாக்குவதால் வருவது அது. சிறு வட்டங்களாக வந்தது பலருக்குத் திரும்ப முளைத்துவிடுகிறது. மருத்துவர்கள் அந்த இடத்தில் மருந்து தடவச் சொல்வார்கள் அல்லது ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். ஆனால் பூஞ்சைத் தொற்றாலும் இதேபோல வட்டம் விழும். அதற்கு உள்ளுக்குச் சாப்பிடும் மாத்திரை தேவைப்படும். தொற்றின் மேல் டேப்பை ஒட்டினால் அது பரவும். இரண்டில் எது என்று மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். வெங்காயத்தை இன்றே நிறுத்துங்கள், தோலை அது எரித்துவிடும்.

பையனைப் பள்ளிக்கு அனுப்பும் வழியையும் பார்ப்போம். வகுப்பு ஆசிரியரை நேரில் சந்தித்து விஷயத்தைச் சொல்லுங்கள். சுற்றியுள்ள முடியைக் கொஞ்சம் நீளமாக விட்டு, வட்டத்தின் மேல் படியும்படி வாரலாம். முடி அடர்த்திக்கென்று விற்கும் கருப்புத் தூளை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தூவாதீர்கள். மருத்துவர் பார்த்துவிட்டு, தோல் சுத்தமாக இருக்கிறது, மறைத்துக்கொள்ளலாம் என்று சொன்னால் அவனையும் அழைத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள். முன்கை உட்புறத்தில் டேப் துண்டு ஒட்டி இரண்டு நாள் பார்ப்போம். அரிப்போ சிவப்போ இல்லையென்றால் அளவெடுக்கலாம். மாட்டவும் கழற்றவும் அவனுக்கே நேரில் சொல்லித் தருகிறேன். தானாகக் கழற்றப் பழகிய பிறகுதான் பேட்சை அவன் கையில் கொடுப்பேன்.